தனி ஆளாகப் படகில் வாழ்ந்தபடி கடலோட: 25,000 டாலருக்குள் எந்தப் பாய்மரப் படகு?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: மேரிலாந்தில் ஐடி வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, அன்னபோலிஸில் பாய்மரப் படகோட்டப் பயிற்சி முடித்திருக்கிறார். கையில் 25,000 டாலர். படகிலேயே வாழ வேண்டும், குளிர்காலத்தில் செசபீக் விரிகுடாவிலிருந்து தனியாகக் கிளம்பி ஃப்ளோரிடா வழியாக பஹாமாஸ் போய்வர வேண்டும். 1970களில் கட்டிய மோர்கன் அவுட் ஐலண்ட் 41 ஒன்று 18,000 டாலருக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. "41 அடி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது எதற்காக 30 அடிப் படகில் முடங்க வேண்டும்?" என்கிறார்.

என் பதில்: அந்த 41 அடியை வாங்காதீர்கள். 27 முதல் 31 அடிக்குள், 10,000 முதல் 12,000 டாலருக்குள், நேற்றுவரை யாரோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு படகை வாங்குங்கள். மிச்சப் பணத்தைத் தொடாமல் வையுங்கள், ஆறு மாதத்தில் அது தானாகவே தீர்ந்துவிடும்.

அவுட் ஐலண்ட் 41 மோசமான படகு என்று நான் சொல்லவில்லை. கரீபியன் வாடகைப் படகுத் தொழிலில் நன்றாக ஓடிய வடிவம் அது. உள்ளே வீடு மாதிரி இடம் இருக்கும். நாலேகால் அடிக்கும் குறைவான ஆழமே போதும் என்பதால் பஹாமாஸின் ஆழமில்லாத கடலுக்குப் பொருத்தம். பிரச்சினை எடையில் இருக்கிறது. அது ஏறத்தாழ 27,000 பவுண்டு. 30 அடி ஆல்பெர்க் ஒன்று 9,000 பவுண்டு. நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, எடை மூன்று மடங்காகிவிட்டது. பாயின் பரப்பு, நங்கூரம், சங்கிலி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் தடிமன், எஞ்சின் எல்லாம் இந்த எடையைப் பார்த்துத்தான் தீர்மானமாகின்றன. விலையும் அப்படியே. படகு நிறுத்தும் மரீனாவின் வாடகை, பழுதுபார்க்கும் யார்டில் தூக்கும் கூலி, படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரின் கட்டணம் மூன்றும் அடிக்கணக்கு. அடிப்பாகத்துக்கு ஒவ்வொரு சுற்றும் அடிக்கும் பெயின்ட் நீளம், அகலம் இரண்டையும் பொறுத்துக் கூடும்.

தனி ஆளுக்கு இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் உடம்பு. நள்ளிரவில் காற்று திரும்பி நங்கூரம் இழுபடுகிறது என்று வையுங்கள். நாலு டன் படகின் நங்கூரத்தைக் கையாலேயே, மூச்சு வாங்கினாலும், மேலே இழுத்துவிடலாம். 12 டன் படகில் நங்கூரத்தைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ட்லாஸ் வேண்டும், அது அந்த நேரத்தில் வேலை செய்யவும் வேண்டும். மரீனாவுக்குள் நுழையும்போது பக்கக் காற்று தள்ளினால் 30 அடிப் படகை ஒரே கயிற்றால் பிடித்து நிறுத்தலாம். 41 அடியை ஒருவரால் நிறுத்த முடியாது, நடுவில் கையோ காலோ மாட்டினால் எலும்பு மிஞ்சாது. 18,000 என்ற விலையும் ஒரு தகவல்தான். அந்த அளவுப் படகுக்கு அவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள் என்றால் கம்பிகள், பாய்கள், எஞ்சின், தளம் ஆகியவற்றில் இரண்டு மூன்றாவது ஒரே சமயத்தில் ஆயுள் முடிந்து நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓசிப் படகுகளும் வரும். மரீனாவுக்கு வாடகை பாக்கி, உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் ஊரில். இங்கே பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகமின் 'ஸ்ப்ரே' படகும் ஓசியில் வந்ததுதான். வயலில் கிடந்த அந்தப் பழம்படகை அவர் ஏறக்குறைய புதிதாகவே கட்டினார். பொருள் செலவு 553 டாலர் 62 காசு, உழைப்பு 13 மாதம் என்று அவரே கணக்கு எழுதிவைத்திருக்கிறார். அவர் தொழில்முறைக் கப்பல் கேப்டன், மரவேலை தெரிந்தவர், அது 1890கள். உங்களுக்கு வேலை தெரிந்து, ஒன்றிரண்டு வருடம் யார்டில் செலவிட ஆசையும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கடலோடுவது ஆசை என்றால், செப்பனிட வேண்டிய படகு அந்த ஆசையைத் தின்றுவிடும்.

சரி, எந்தப் படகு?

1960, 70, 80களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபைபர் கிளாஸில் ஆயிரக்கணக்கான படகுகள் கட்டினார்கள். ஃபைபர் கிளாஸ் உடல் மக்காது, அதனால் அவை இன்னும் மிதக்கின்றன. வாங்க ஆளைவிட விற்கப் படகு அதிகம். உங்களுக்குச் சாதகமான சந்தை இது.

உங்கள் விரிகுடாவிலேயே நான் முதலில் தேடச் சொல்வது ஆல்பெர்க் 30. கார்ல் ஆல்பெர்க் வரைந்தது, ஒன்டாரியோவில் விட்பி போட் வொர்க்ஸ் 1960களிலிருந்து 80கள் வரை கட்டியது, எண்ணிக்கை 700க்கு மேல். செசபீக்கில் இதற்கென்றே பழைய சங்கம் இருக்கிறது. எந்தப் படகை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த இலவசத் தகவலுக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. படகைக் கவிழாமல் நிறுத்தும் அடித்தண்டான கீல் இதில் நீண்டது, அதற்குள்ளேயே வார்த்து மூடிய எடை, நாலேகால் அடி ஆழம். யீவ் ஜெலினா என்ற கியூபெக்காரர் இதே ஆல்பெர்க் 30இல் 1980களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் வழியாகத் தனியாக உலகைச் சுற்றினார். பாதி வழியில் பாய்மரம் போயும் சரிசெய்துகொண்டு பயணத்தை முடித்தார். அந்தப் பயணத்துக்காக அவர் செய்த, ஆள் பிடிக்காமலே படகைத் திசையில் ஓட்டும் சுயதிசைக் கருவிதான் பின்னாளில் கேப் ஹார்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. குறை இரண்டு. அகலம் எட்டேமுக்கால் அடிதான், அதனால் உள்ளே குறுகல். ரிவர்ஸில் போட்டால் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

இதே ஆல்பெர்க் வரைந்த பியர்சன் ட்ரைட்டன் இன்னும் கொஞ்சம் சின்னது, 28 அடிச் சொச்சம். 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. ஜேம்ஸ் பால்ட்வின் தன் ட்ரைட்டனில் இரண்டு முறை உலகைச் சுற்றியிருக்கிறார். ஆல்பின் வேகா 27 ஸ்வீடனில் கட்டியது, எடை இரண்டரை டன்னுக்கும் குறைவு. மேட் ரதர்ஃபோர்ட் 2011இல் ஒரு பழைய வேகாவில் உங்கள் அன்னபோலிஸிலிருந்தே கிளம்பி, கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள வடமேற்குப் பாதை வழியாகப் போய், தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி, எங்கும் நிற்காமல் 309 நாளில் அங்கேயே திரும்பி வந்தார். வேகாவால் கடலைத் தாங்க முடியும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஆனால் அதில் வாழ்வது வேறு கதை. ஆறடி உயரக்காரருக்குக் கழுத்து வலிக்கும், ஒரு மாதச் சாமான் ஏற்றினால் படகு அமுங்கித் தெரியும்.

வாழ்வதற்கு வசதி என்று பார்த்தால் கேட்டலினா 30. 6,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், எந்த மரீனாவுக்குப் போனாலும் ஒன்று நிற்கும். ஏறத்தாழ பதினொரு அடி அகலம், நிமிர்ந்து நிற்கலாம், பாகங்கள் கிடைக்கும், ரிவர்ஸில் சொன்னபடி கேட்கும். கடலோடிகளில் சிலர் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நீங்கள் போகப்போவது தென்கடலுக்கு அல்ல. நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை கரைக்கு உட்புறமாகவே போகும் ஆயிரம் மைல் சொச்சம் உள்நாட்டு நீர்வழி, நல்ல நாளில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டத்தைக் குறுக்கே கடப்பது, அப்புறம் தீவுக்குத் தீவு. இதை எத்தனையோ கேட்டலினாக்கள் செய்திருக்கின்றன. சாதாரணக் கீல் ஐந்தேகால் அடி ஆழம் கேட்கும், அதனால் ஆழம் குறைந்த கீல் உள்ளதைத் தேடுங்கள். பழைய படகுகளில் கீலின் வேர்ப்பகுதிக்குள் பிளைவுட் வைத்திருந்தார்கள். அது ஊறினால் கீல் சேரும் இடத்தின் முன்பக்கம் வாய் பிளந்து சிரிக்கும். சிரிக்கிற படகை விட்டுவிடுங்கள்.

வெஸ்ட்செயில் 32 பற்றியும் யாராவது சொல்வார்கள். 1991 அக்டோபர் புயலில் 'சடோரி' என்ற வெஸ்ட்செயிலிலிருந்து ஆட்களைக் கடலோரக் காவல்படை மீட்டுக்கொண்டு போனது. கைவிடப்பட்ட படகு பிறகு மேரிலாந்துக் கரையில், பெரிய சேதம் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தது. அவ்வளவு உறுதி. ஆனால் அதுவும் 9 டன், மெல்லிய காற்றில் நகராது, நல்ல நிலையில் உள்ளது உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் போட்டியில் இரண்டாவதாக வந்த ரஸ்ட்லர் 36உம் அப்படித்தான். அந்தப் போட்டியின் தேவை வேறு. பல மாதம் கரை தொடாமல் ஓட வேண்டிய படகையும், வாரத்துக்கு நாலு நாள் நங்கூரத்தில் நிற்கப்போகும் படகையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

மாடலைத் தேர்ந்தெடுப்பதில் ரொம்ப நேரம் செலவிடாதீர்கள் என்பேன். நாற்பது, ஐம்பது வருடப் படகில் மாடலைவிட அந்த ஒரு தனிப்படகின் வரலாறு முக்கியம். உரிமையாளரிடம் ரசீதுக் கட்டு இருக்கிறதா, போன கோடையில் எங்கே போனார் என்று கேளுங்கள். ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்புகிறவரிடம் 2,000 டாலர் கூடக் கொடுத்து வாங்கினாலும் லாபம்தான்.

இனி, கையில் டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டியவை. சர்வேயருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பு நீங்களே இரண்டு மணி நேரம் பார்த்தால் பத்தில் ஏழு படகை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

மேல்தளத்தில் ஆரம்பியுங்கள். உடல் பெரும்பாலும் கெட்டி ஃபைபர் கிளாஸ். தளமோ இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்தது. கைப்பிடித் தூண், கயிறு கட்டும் கிளீட், வின்ச் என்று எதைத் திருகியிருக்கிறார்களோ அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மரத்தை வருடக்கணக்கில் ஊறவைத்துவிடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை சுருக்கென்று கணீரென வரும், ஊறிய இடத்தில் மந்தமாக 'தொப்' என்று வரும். வெறுங்காலோடு நடந்தால் சில இடம் அமுங்குவதும் தெரியும். உள்ளங்கை அகல இடம் இரண்டு மூன்று என்றால் விலையைக் குறைத்துப் பேசி, நீங்களே சரிசெய்யலாம். பாய்மரத்தைச் சுற்றியும் பக்கவாட்டு நடைபாதை முழுவதும் ஊறியிருந்தால் அது பல மாத வேலை. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடுத்தது செயின்பிளேட்கள். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகோடு சேரும் பட்டைகள் இவை. பெரும்பாலான படகுகளில் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, உள்ளே ஒரு பிளைவுட் தடுப்புச்சுவரில் போல்ட் போட்டிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்றுப்படும் இடத்தில் ஒன்றும் ஆகாது. காற்றில்லாமல் ஈரம் தேங்கும் இடத்தில்தான் உள்ளுக்குள் அரிக்கும், அதாவது தளத்தைத் துளைக்கும் அந்த ஒரு அங்குலத்தில், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். கேபினுக்குள் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை வழிந்திருக்கிறதா, ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் மரத்துக்குள் இறங்குகிறதா? கறை இருந்தால் பட்டையைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலானால், அல்லது யாருக்குமே தெரியாது என்றால், மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். 30 அடிப் படகுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும்; கையால் பூட்டக்கூடிய முனைகளை வைத்து நீங்களே செய்தால் பாதிக்குப் பாதி மிச்சம்.

ஆல்பெர்க் 30 பார்க்கப் போனால் ஒரு கூடுதல் விஷயம். அதில் பாய்மரம் தளத்தின் மேல் நிற்கிறது, கீழே அந்தப் பாரத்தைத் தாங்குவது ஒரு குறுக்கு உத்தரம். பழைய படகுகளில் அது மரத்தில் செய்தது, காலப்போக்கில் விரிசல்விட்டுத் தொய்யும். கழிவறைக் கதவு உரசுகிறதா, பாய்மரத்தின் அடியில் தளம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்யும் வழி சங்கத்துக்காரர்களுக்கு அத்துப்படி, அதனால் பயப்பட வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கீலை போல்ட் போட்டு மாட்டியிருந்தால் சேரும் கோட்டைச் சுற்றிப் பாருங்கள். உள்ளே படகின் அடிக்குழியான பில்ஜில் போல்ட் தலைகளின் நிலையைப் பாருங்கள், தரைதட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 2014இல் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற 40 அடிப் படகு கீல் கழன்று கவிழ்ந்ததில் நாலு பேரும் போய்விட்டார்கள். அதற்கு முன் பல தடவை தரைதட்டியதில் உள்கட்டமைப்பு பலவீனப்பட்டிருக்கலாம் என்றது விசாரணை.

அடிப்பாகத்து ஃபைபரில் நீர் ஊறி எழும் கொப்புளங்களைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாகப் பயமுறுத்துவார்கள். கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் கேள்விப்பட்டதில்லை. விலை பேச உதவும், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு வருவோம். இந்த வயதுப் படகுகளில் பலவற்றில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருக்கும். எளிய எஞ்சின், பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். அதே இடத்தில் தூங்கிச் சமைக்கப்போகிறவர் நீங்கள். நான் டீசலைத்தான் தேடுவேன், யான்மார் 2ஜிஎம்20எஃப் போல நன்னீர்க் குளிரூட்டல் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது கிளம்பாது என்பதை மறைக்கிறார்கள். கிளம்பியதும் பின்னால் தண்ணீர் சீராகத் துப்புகிறதா, புகை என்ன நிறம், அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் சூடு ஏறுகிறதா என்று கவனியுங்கள். புது டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்த 10,000 டாலருக்கு மேல் போகும், படகின் விலையே அவ்வளவுதான். மின்சார மோட்டாருக்கு மாற்றிய படகுகள் மலிவாக வரும். விரிகுடாவில் மாலை உலாவுக்கு அவை அருமை. நாள் முழுக்க மோட்டாரில் ஓட வேண்டிய உள்நாட்டு நீர்வழிக்கு அந்த பேட்டரி காணாது.

தனி ஆளுக்கான விஷயங்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது சுக்கானைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை. விண்ட்வேன் என்கிற காற்றுத்தகட்டுக் கருவி மின்சாரமே இல்லாமல், காற்றின் திசைக்கு ஏற்ப ராத்திரி பகலாகப் படகை ஓட்டும். மானிட்டர், ஏரீஸ், கேப் ஹார்ன் இவை பழையதாகவே கிடைக்கும், 1,500 முதல் 3,000 டாலருக்குள் பேசலாம். புதிது என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. புதிதாக வாங்கிப் பொருத்தும் செலவைப் பார்த்தால், விண்ட்வேன் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் 12,000 டாலர் படகு, அது இல்லாத 9,000 டாலர் படகைவிட மலிவு. சக்கர ஸ்டீயரிங்கைவிட, சுக்கானைக் கையால் திருப்பும் டில்லர் கட்டை உள்ள படகில் இதை மாட்டுவது சுலபம், உராய்வும் குறைவு. எஞ்சினில் ஓடும்போது விண்ட்வேன் உதவாது, அதற்கு டில்லரைத் தானே திருப்பும் ஒரு சின்ன மின்சார டில்லர் பைலட் வேண்டும். அந்தச் சின்ன பைலட்டையே விண்ட்வேனின் தகட்டோடு இணைத்துவிட்டால் துளி மின்சாரத்தில் பெரிய படகை ஓட்டும். பலருக்குத் தெரியாத வித்தை இது. நீர்வழியில் மட்டும் எந்தக் கருவியையும் நம்பி உள்ளே டீ போடப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் நீருக்கடியில் மேடு, எதிரே இழுவைக் கப்பல் வரும்.

முன்பாயைச் சுருட்டி வைக்கும் ஃபர்லர் அவசியம். மெயின் பாயைக் குறைக்க பாய்மரம் வரை போகத்தான் வேண்டும் என்றால் அது பெரிய குறை அல்ல. போகிற வழி முழுக்கக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கயிற்றையும் ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்குக் கொண்டுவந்து, உராய்வில் ஒன்றுமே நகராத படகுகளைப் பார்த்திருக்கிறேன். தனியாக இருப்பவர் தண்ணீரில் விழுந்தால் விண்ட்வேன் பாட்டுக்குப் படகை ஓட்டிக்கொண்டு போய்விடும், திரும்பி வர யாரும் இல்லை. எனவே காக்பிட்டிலிருந்து முன்முனை வரை பட்டைக் கயிறு, உங்கள் இடுப்பிலிருந்து அதில் மாட்டும் குட்டையான கொக்கிக் கயிறு, தண்ணீரிலிருந்தே இழுத்துவிடக்கூடிய ஏணி மூன்றும் முதல் நாளே வேண்டும். தூக்கத்துக்கு, சுற்றியுள்ள கப்பல்களும் நீங்களும் இருக்கும் இடத்தைப் பரிமாறிக்கொள்ளும் ஏஐஎஸ் அனுப்பிவாங்கி, அதில் காது கிழியும் அலாரம். கரையோரமாகப் போகும்போது தூங்கவே கூடாது, இரவில் நின்றுவிடும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வாழும் வசதியில் நான் பார்ப்பது கொஞ்சம்தான். படகு சாய்ந்து ஓடும்போதும் உருளாமல் படுக்க நடுவில் நேரான ஒரு படுக்கை, ஜன்னல் ஒழுகாமை, வெளியே வடியும் தனிப் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர், 150 லிட்டராவது நன்னீர். தண்ணீரை எண்ணிச் செலவழித்தால் தனி ஆளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் வரும். நம் வீட்டு பிரஷர் குக்கரை மறக்காதீர்கள். மூடி பூட்டிக்கொள்ளும், அலையில் கவிழ்ந்தாலும் குழம்பு கொட்டாது, காஸும் மிச்சம். செசபீக்கில் குளிர்காலத்தை ஓட்ட நேர்ந்தால் குளிரைவிட, உள்சுவரில் வேர்க்கும் ஈரம்தான் தொல்லை. பல மரீனாக்களில் துறையிலுள்ள குழாயையும் அடைத்துவிடுவார்கள். படகில் வாழ அனுமதி உண்டா என்று வாங்குவதற்கு முன்பே மரீனாவைக் கேளுங்கள்.

எப்போது வாங்குவது? செப்டம்பர், அக்டோபர். இன்னொரு குளிர்காலத்துக்கு யார்டு வாடகை கட்ட வேண்டுமே என்று உரிமையாளர் யோசிக்கும் மாதங்கள். படகும் இன்னும் தண்ணீரில் இருக்கும், ஓட்டிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் போர்வை மூடிக் கரையில் ஏற்றிவிட்டால் எஞ்சினையும் பாயையும் வசந்தம்வரை சோதிக்க முடியாது. வடக்கே கனடா எல்லையிலுள்ள பெரிய ஏரிகளின் பக்கம் உள்ள படகுகளையும் பாருங்கள். உப்பு படாதவை, வருடத்தில் ஐந்தாறு மாதமே ஓடியவை. ஈரி கால்வாய் வழியாகக் கொண்டுவர பாய்மரத்தை இறக்கிக் கட்ட வேண்டியிருக்கும், அதைக் கம்பி மாற்றும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் சந்தேகப்படும்படி மலிவாக வந்தால், 2022 இயன் சூறாவளி போன்றவற்றில் மூழ்கி எடுத்த படகா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியில் எட்டாத மூலைகளில் சேறு, மின்கம்பி முனைகளில் பச்சை, அலமாரிக்குள் நேராக ஒரு நீர்க்கோடு இருந்தால் அது மூழ்கிய படகு.

பிடித்துவிட்டால், சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையோடு விலை எழுதி, பத்து சதவீதம் முன்பணம் கொடுங்கள். சர்வேயரை நீங்களே தேடுங்கள், தரகர் சொல்பவர் வேண்டாம். சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு சங்கங்களின் பட்டியலில் பாருங்கள். அடிக்கு 20 முதல் 30 டாலர் ஆகும், தூக்கும் கூலி தனி. அவர் பொதுவாகப் பாய்மரத்தில் ஏற மாட்டார், எஞ்சினைப் பிரிக்க மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள். நீங்களும் கூடவே நின்று, பழைய துணி உடுத்திக்கொண்டு, அவர் நுழையும் பொந்துகளில் நுழையுங்கள். அந்த அறிக்கையைக் காட்டி விலை குறைக்கலாம், காப்பீட்டுக்காரரும் அதைத்தான் கேட்பார்.

பத்திர விஷயத்தில் ஒன்று. கிரீன் கார்டில் இருப்பவர் படகை அமெரிக்க மத்திய அரசுப் பதிவில் ஏற்ற முடியாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். மேரிலாந்து மாநிலப் பதிவும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரமும் போதும், விலையில் 5 சதவீதம் வரி கட்டுவீர்கள். விற்பவர் மத்தியப் பதிவு வைத்திருந்தால் அவர் பெயரில் கடன் ஏதும் நிலுவையில் இல்லை என்று அந்தப் பதிவின் நகலை வாங்கிப் பாருங்கள், பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

காப்பீட்டை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். ஐம்பது வருடப் படகு, முதல் முறை உரிமையாளர், தனி ஆள் என்ற மூன்றும் சேர்ந்தால் பல நிறுவனங்கள் பின்வாங்கும். படகுக்கு இழப்பீடு கிடைக்காவிட்டாலும் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடாவது எடுத்தாக வேண்டும், அது இல்லாமல் பெரும்பாலான மரீனாக்கள் உள்ளே விடாது. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் எந்தக் கோட்டுக்குத் தெற்கே போகக் கூடாது, இரவில் தனியாக ஓட்டினால் காப்பீடு செல்லுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பாலிசியில் நவம்பர் 1 என்று ஒரு தேதி இருந்தால், ஃப்ளோரிடா எல்லையை அன்று தொடும்படி அக்டோபர் தொடக்கத்தில் கிளம்பினால் சரியாக இருக்கும்.